தெர்மோகோல் கப்புல வெப்பம் அளக்குறது: யூரியா, மயில்துத்தம், சுட்ட சுண்ணாம்பு

ரசாயன வினைல வெப்பம் அளக்குறதுக்கு பெரிய லேப் வேணும்னு நினைக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா ரெண்டு தெர்மோகோல் கப்பு, ஒரு நல்ல தராசு, ஒரு டிஜிட்டல் சென்சார், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு இருந்தா புத்தகத்துல போட்டிருக்க நம்பருக்கு அஞ்சு சதவீதம் பக்கத்துல வீட்டுலயே போயிடலாம். ப்ளஸ் ஒன் வேதியியல்ல வெப்ப இயக்கவியல் பாடத்துல காபி கப் கலோரிமீட்டர்னு ஒரு படம் வரும்ல, அதத்தான் நான் நிஜமா செஞ்சு பாத்தேன், அக்கா பொண்ணு இப்ப ப்ளஸ் ஒன்ங்கறதால அவளும் கூடவே உக்காந்துட்டா. என்ன பண்ணோம், என்ன நம்பர் வந்துச்சு, ஏன் அந்த நம்பர் அப்படி வந்துச்சுன்னு இங்க எழுதி வைக்குறேன், யாராச்சும் திருப்பி செஞ்சு பாக்கணும்னா உதவும்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா வெச்சுக்கணும். சென்சார் காட்டுறது வெப்பநிலை, நமக்கு வேண்டியது வெப்பம். 1000 ஜூல் வெப்பத்த 100 கிராம் தண்ணிக்கு குடுத்தா கிட்டத்தட்ட 2.4 டிகிரி ஏறும், அதே 1000 ஜூல 200 கிராம் தண்ணிக்கு குடுத்தா 1.2 டிகிரிதான் ஏறும். அதனால "எத்தன டிகிரி ஏறுச்சு"ங்கறது பாதி பதில்தான், எதெல்லாம் சேர்ந்து சூடாச்சு, அதோட ஹீட் கெப்பாசிட்டி, அதாவது ஒரு டிகிரி ஏத்த வேண்டிய வெப்பம், எவ்வளவுங்கறது மீதி பாதி. தண்ணி சூடாகுது, கரைஞ்ச பொருள் சூடாகுது, கப்பு சூடாகுது, சென்சார் சூடாகுது, கலக்குற கம்பி சூடாகுது, கொஞ்சம் வெளிய ஓடுது. ஒவ்வொரு ஜூலும் எங்க போச்சுன்னு கணக்கு வெக்குறதுதான் கலோரிமெட்ரி, வேற ஒண்ணும் இல்ல.

சாமான் என்னென்ன

டீக்கடைல குடுக்குற மாதிரி 250 மில்லி தெர்மோகோல் கப்பு ரெண்ட ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி, அத ஒரு கண்ணாடி பீக்கருக்குள்ள வெச்சேன், சாஞ்சு விழாம இருக்க. மூடிக்கு தெர்மோகோல் ஷீட்ட வட்டமா வெட்டி சென்சாருக்கு ஒரு ஓட்டை, பொருள் போட ஒரு சின்ன ஓட்டை, அந்த ஓட்டைக்கு ஒரு அடைப்பு. சென்சார் டிஎஸ்18பி20, ஸ்டீல் குழாய்க்குள்ள இருக்க வாட்டர்ப்ரூஃப் வகை, ஆர்டுயினோங்கற சின்ன எலக்ட்ரானிக் போர்டுல இணைச்சு சில விநாடிக்கு ஒரு ரீடிங் கம்ப்யூட்டர்ல பதிவாகுற மாதிரி வெச்சாச்சு. இந்த சென்சார் அரை டிகிரி வரைக்கும் தப்பா காட்டலாம்னுதான் டேட்டா ஷீட்ல போட்டிருக்கும், அதப் பாத்து பயப்பட வேண்டாம், நாம பாக்குறது வித்தியாசம்தான், ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஒரே அளவு தப்பு இருந்தா கழிக்கும்போது போயிடும். படி அளவு 0.0625 டிகிரி, அது போதும். கண்ணாடி தெர்மாமீட்டர்ல ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்டிருக்கத வெச்சு இந்த வேலைய பண்ண முடியாது, மயில்துத்தம், அதாவது நீல காப்பர் சல்பேட், கரையுறப்போ மொத்தமே ஒண்ணேகால் டிகிரிதான் இறங்கும்.

தராசு 0.01 கிராம் காட்டுற பாக்கெட் தராசு. கலக்குறதுக்கு பழைய கம்ப்யூட்டர் ஃபேன்ல ரெண்டு காந்தம் ஒட்டி, கப்புக்குள்ள ஒரு சின்ன காந்தத் துண்டு போட்டு சுத்த விட்டேன். கையால கம்பி வெச்சு கலக்குனாலும் ஆகும், ஆனா மூடிய தூக்க வேண்டி வரும், அது நல்லதில்ல. ஏன்னா வெப்பம் கப்போட சுவர் வழியா போறத விட மேல ஆவியா போறதுதான் அதிகம். 30 டிகிரி வாக்குல ஒரு கிராம் தண்ணி ஆவியாக கிட்டத்தட்ட 2430 ஜூல் எடுத்துட்டுப் போகும். வெறும் 0.1 கிராம் ஆவியானாலே 100 கிராம் தண்ணில அரை டிகிரிக்கு மேல இறங்கிடும். கப்புக்கு துணி சுத்துறது, பஞ்சு வெக்குறதுன்னு எல்லாம் மெனக்கெடுறதுக்கு முன்னாடி மூடிய ஒழுங்கா செய்ங்க, அதுதான் முக்கியம்.

கப்ப அளக்காம எதையும் அளக்க முடியாது

நெட்ல பாக்குற நிறைய வீடியோல கப்போட ஹீட் கெப்பாசிட்டிய சைபர்னு வெச்சுட்டு நேரா வினைக்குப் போயிடுறாங்க, எனக்கு அது சரியா படல. 100 கிராம் தண்ணியோட ஹீட் கெப்பாசிட்டி 418 ஜூல், அதுல கப்பும் சென்சாரும் சேர்ந்து 20, 30 ஜூல் எடுத்துக்கிட்டா அதுவே அஞ்சாறு சதவீதம். அத விட்டுட்டா வர்ற விடை எப்பவுமே கம்மியாத்தான் வரும்.

அளக்குறது எளிசு. கப்புல 100 கிராம் தண்ணி 29.6 டிகிரில இருந்துச்சு, 56.4 டிகிரில இருந்த 100 கிராம் வெந்நிய அதுல ஊத்துனோம். ரெண்டும் சம அளவு, அதனால கப்பு ஒண்ணும் எடுத்துக்கலன்னா நடு நம்பர் 43.0 வரணும், வந்தது 42.6. வெந்நி 13.8 டிகிரி இறங்குச்சு, அதாவது 5768 ஜூல் விட்டுச்சு, பச்சத்தண்ணி 13.0 டிகிரி ஏறுச்சு, அதாவது 5434 ஜூல் வாங்குச்சு. மீதி 334 ஜூல் கப்பு, சென்சார், காந்தம் எல்லாம் சேர்ந்து எடுத்துக்கிட்டது, அதுங்களும் 13 டிகிரிதான் ஏறுச்சு, அப்ப டிகிரிக்கு 26 ஜூல் சுத்தி.

இந்த முறைல ஒரு பலவீனம் இருக்கு, வெந்நிய ஊத்துறப்ப காத்துல கொஞ்சம் ஆறும், 0.1 டிகிரி அங்க இங்க ஆனாலே விடைல அஞ்சாறு ஜூல் மாறும். அதனால கரண்ட் வெச்சு இன்னொரு தடவ சரி பாத்தேன். 10 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒண்ண அரால்டைட் பசை பூசி காய வெச்சு, 200 கிராம் தண்ணில முக்கி, 12 வோல்ட் அடாப்டர்ல அஞ்சு நிமிஷம் ஓட விட்டோம். ரெசிஸ்டர் காலுல மல்டிமீட்டர் வெச்சா 11.8 வோல்ட், 1.17 ஆம்பியர். பெருக்குனா 13.8 வாட், 300 விநாடிக்கு 4140 ஜூல் சுத்தி. ஏறுனது 4.78 டிகிரி. கணக்கு போட்டா மொத்த ஹீட் கெப்பாசிட்டி 866, அதுல தண்ணிக்கு 836 போக 30. ரெசிஸ்டரோட சொந்த எடையும் இதுல சேர்ந்திருக்கறதால முந்தின 26 நியாயமான நம்பர்தான். மின்சாரம் எவ்வளவு வெப்பமா மாறும்னு 1840கள்ல ஜேம்ஸ் ஜூல் அளந்தாரே, அந்த வேலையோட சின்ன வடிவம்தான் இது, அவர் பேருதான் நாம இப்ப அலகா எழுதுறது. ஒரு கலோரி 4.184 ஜூல்னு புத்தகத்துல மனப்பாடம் பண்ணத நம்ம மேஜைலயே அடாப்டரும் தண்ணியும் வெச்சு சரிபாக்க முடியுதுங்கறது எனக்கு ரொம்ப பெரிய விஷயமா பட்டுச்சு, பொண்ணும் அந்த இடத்துலதான் நோட்ட எடுத்து தானே கணக்கு போட ஆரம்பிச்சா.

வெப்பம் கசியுறத என்ன பண்றது

என்னதான் மூடி வெச்சாலும் கசியும். அதுக்கு பழைய காலத்துல இருந்தே ஒரு வழி இருக்கு. பொருள போடுறதுக்கு முன்னாடி மூணு நிமிஷம் சும்மா ரீடிங் எடுக்கணும், மூணாவது நிமிஷம் போடணும், அப்புறம் பத்து நிமிஷம் விடாம எடுக்கணும். கிராஃப் போட்டா முதல்ல ஒரு படுத்த கோடு, அப்புறம் சட்டுனு ஏத்தம், அப்புறம் மெதுவா இறங்குற நேர்கோடு. அந்த இறங்குற கோட்ட ஸ்கேல் வெச்சு பின்னாடி இழுத்து, பொருள் போட்ட நேரத்துல எங்க வெட்டுதுன்னு பாக்கணும். வினை ஒரே நொடில முடிஞ்சிருந்தா, ஒண்ணும் கசியாம இருந்திருந்தா, எவ்வளவு ஏறியிருக்கும்ங்கறத அந்தப் புள்ளி சொல்லும். உச்சில காட்டுன நம்பர அப்படியே எடுத்துக்கக் கூடாது, சென்சாரோட ஸ்டீல் குழாய் சூடாகவே சில விநாடி ஆகும், அதுக்குள்ள கொஞ்சம் வெளிய போயிருக்கும். வேகமா முடியுற வினைல இந்த திருத்தம் ரொம்ப சின்னது, சுண்ணாம்பு மாதிரி நிமிஷக் கணக்குல ஓடுறதுக்கு இது இல்லாம முடியாது. நான் கீழ சொல்ற எல்லா டிகிரியும் இப்படி பின்னாடி இழுத்து எடுத்ததுதான்.

யூரியா

ஸ்ப்ரேயர் டேங்க்ல யூரியா கரைச்சவங்க எல்லாருக்கும் தெரியும், வாளிக்குள்ள கை விட்டா ஜில்லுனு இருக்கும். வெப்பம் கொள் வினைக்கு இத விட நல்ல உதாரணம் கிடையாது, ஆபத்தும் இல்ல. அடிபட்ட இடத்துல வெக்குற இன்ஸ்டன்ட் ஐஸ் பேக் சிலதுக்குள்ள இருக்கறதும் இதே யூரியாதான், உடைச்சா தண்ணியோட சேர்ந்து குளிரும்.

சித்தப்பா வீட்டு மூட்டைல இருந்து ஒரு கை எடுத்துட்டு வந்தேன். 2015ல இருந்து இங்க வர்ற உர யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் பூசுனது, அந்த பூச்சு ரொம்ப கொஞ்சம்ங்கறதால வெப்பக் கணக்குல அது தெரியாது, தண்ணி மேல லேசா ஒரு பளபளப்பு மட்டும் தெரியும். 10 கிராம் யூரியாவ 100 கிராம் தண்ணில போட்டோம், 29.4ல இருந்து 24.05க்கு இறங்குச்சு, 5.35 டிகிரி. குருணையா இருந்தாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள கரைஞ்சுடுச்சு.

கணக்குல இங்க ஒரு இடம் கவனிக்கணும். ஸ்கூல்ல மொத்த கரைசல் 110 கிராமுக்கும் 4.18 போடச் சொல்லுவாங்க, ஆனா யூரியா தண்ணி இல்ல, அதோட பங்கு கிராமுக்கு 1.5 ஜூல் வாக்குலதான். தண்ணிக்கு 418, யூரியாவுக்கு 15, கப்புக்கு 26, ஆக 459. அத 5.35ஆல பெருக்குனா 2456 ஜூல். மோல்ங்கறது மூலக்கூறுங்கள எண்ணுற அலகு, யூரியால ஒரு மோல் 60 கிராம் சுத்தி, அதனால 10 கிராம் யூரியா 0.1665 மோல், அப்ப ஒரு மோலுக்கு 14.7 கிலோஜூல். ஸ்கூல் முறைல போட்டு கப்போட 26ஐயும் சேர்த்தா 15.6 வரும். புத்தக மதிப்பு 15 சுத்தி. ரெண்டு முறையும் பக்கத்துலதான் இருக்கு, ஆனா எது எதுக்கு எவ்வளவு போட்டோம்னு எழுதி வெக்காம நம்பர் மட்டும் எழுதுனா நாளைக்கு நமக்கே அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாது.

"அந்த 2456 ஜூல் எங்க மாமா போச்சு, எதுவும் சூடாகலயே"ன்னு பொண்ணு கேட்டா. அருமையான கேள்வி. யூரியா படிகத்துக்குள்ள மூலக்கூறுங்க ஒண்ண ஒண்ணு பிடிச்சுட்டு இருக்கும், அத பிரிக்க வெப்பம் வேணும், பிரிஞ்சதும் தண்ணியோட சேர்றப்ப கொஞ்சம் வெப்பம் திரும்ப வரும், ஆனா பிரிக்குற செலவு அதிகம், அந்த பாக்கிய தண்ணிகிட்ட இருந்து எடுத்துக்குது. வெளிய இருந்து யாரும் தள்ளாமலே இது ஏன் தானா கரையுதுங்கறது என்ட்ரோபி பக்கம் போற கதை, அத இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னு சொல்லிட்டேன்.

மயில்துத்தம்: நேரா அளக்க முடியாதத அளக்குறது

எனக்கு இந்த மொத்த வேலைலயும் ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

உரக்கடைல கிடைக்குற நீல மயில்துத்தத்துக்குள்ள ஒரு மோல் காப்பர் சல்பேட்டுக்கு அஞ்சு மோல் தண்ணி கட்டுண்டு இருக்கும். அத வறுத்தா தண்ணி போயி வெள்ளையா ஆகும். அந்த வெள்ளைப் பொடி மேல ஒரு சொட்டு தண்ணி விட்டா நீலமாகி சுடும், நிஜமாவே சுடும். சரி, வெள்ளை நீலமாகுறப்போ எவ்வளவு வெப்பம் வருது? நேரா அளக்கலாம்னு பாத்தா முடியாது. சரியா அஞ்சு மோல் தண்ணிய மட்டும் பொடி மேல ஊத்துனா ஒரு பக்கம் நீலமாகும், ஒரு பக்கம் வெள்ளையாவே நிக்கும், இன்னொரு பக்கம் கரைஞ்சே போயிடும். உலர்ந்த பொடிக்குள்ள சென்சார வெச்சா எந்த இடத்து வெப்பநிலைய அது காட்டுதுன்னே சொல்ல முடியாது.

இதுக்குத்தான் ஹெஸ் விதி. ஜெர்மைன் ஹெஸ் ஜெனீவால பொறந்து ரஷ்யால செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல வேலை பாத்தவர், கந்தக அமிலத்துல வேற வேற அளவு தண்ணி கலந்து, அப்புறம் அத அம்மோனியாவால நடுநிலையாக்கி, ஒவ்வொரு கட்டத்துலயும் வெப்பத்த அளந்தாரு. தண்ணி கலக்கும்போது அதிகம் வந்தா நடுநிலையாக்கும்போது கம்மியா வந்துச்சு, இங்க கம்மின்னா அங்க அதிகம், கூட்டுனா எப்பவும் ஒரே தொகை. 1840ல இத வெளியிட்டாரு. ஜெர்மன் டாக்டர் மேயரும் ஜூலும் ஆற்றல் அழியாதுன்னு எழுதுனது 1842, 1843ல, அதுக்கும் முன்னாடி இவரு வெறும் அளவு எடுத்தே இத கண்டுபிடிச்சிருக்காருங்கறத நினைச்சா எனக்கு அவ்வளவு மரியாதை வருது. எந்த வழியா போனாலும் தொடங்குற இடமும் முடியுற இடமும் ஒண்ணா இருந்தா மொத்த வெப்பம் ஒண்ணுதான், அவ்வளவுதான் விதி.

நம்ம வேலைக்கு அது எப்படின்னா, வெள்ளைப் பொடிய நிறைய தண்ணில கரைச்சா ஒரு நீலக் கரைசல் கிடைக்கும். நீல படிகத்த தண்ணில கரைச்சாலும் அதே கரைசல்தான் கிடைக்கும். ரெண்டையும் தனித்தனியா அளந்து கழிச்சா வெள்ளை நீலமாகுற வெப்பம் வந்துடும். ஆனா "அதே கரைசல்"ங்கறது நிஜமாவே அதே கரைசலா இருக்கணும். நீல படிகம் 12.48 கிராம் எடுத்தா அது 0.05 மோல், அதுக்குள்ள 4.5 கிராம் தண்ணி ஏற்கனவே இருக்கு. அதுக்கு 100 கிராம் தண்ணி போட்டா, வெள்ளைப் பொடிக்கு 104.5 கிராம் போடணும். இந்த சின்ன நுணுக்கத்த பல செய்முறைக் குறிப்புல விட்டுடுறாங்க, ரெண்டுக்கும் 100 மில்லின்னு போட்டுடுறாங்க. விடைல பெருசா மாறாது, ஆனா ஹெஸ் விதியோட உயிரே அங்கதான் இருக்கு, முடியுற இடம் ஒண்ணா இருக்கணும்.

வறுக்குறதுக்கு சமையல் பாத்திரம் எடுக்கவே கூடாது, மயில்துத்தம் விஷம். தனியா ஒரு பீங்கான் கிண்ணம் வாங்கி, பழைய தகரத் தட்டுல ஆத்து மணல் போட்டு அதுக்கு மேல கிண்ணத்த வெச்சு, மாடில காத்தோட்டமான இடத்துல சின்ன அடுப்புல மெதுவா சூடாக்குனோம். படிகத்த முதல்லயே இடிச்சு பொடியாக்கணும். நாலு தண்ணி 100 டிகிரிய தாண்டுனதும் சுலபமா போயிடும், அஞ்சாவது தண்ணி கெட்டியா பிடிச்சுட்டு நிக்கும், 200 டிகிரிக்கு மேல போனாத்தான் விடும். அதுக்காக தீய ஏத்தி விட்டு செந்தணல்ல வெக்கக் கூடாது, ரொம்ப சூடானா சல்பேட்டே உடைஞ்சு மூச்சடைக்குற வாயு வரும், பொடி கறுக்கும். நீலம் போயி சாம்பல் கலந்த வெள்ளையா வந்ததும் எடுத்து, சிலிகா ஜெல் போட்ட மூடி டப்பால ஆற வெச்சு எடை போடணும், திரும்ப சூடாக்கி திரும்ப எடை போடணும், எடை மாறாம நிக்குற வரைக்கும். தண்ணி எல்லாம் போனா 12.48 கிராம் 7.98 ஆகணும். எனக்கு 8.05ல நின்னுடுச்சு. அதாவது 0.07 கிராம் தண்ணி உள்ளயே இருக்கு, அத குறிச்சு வெச்சேன்.

இப்ப ரீடிங். நீலப் பொடி கரைஞ்சப்போ 1.25 டிகிரி இறங்குச்சு. ஆமா, இது குளிரும், யூரியா மாதிரியே. வெள்ளைப் பொடி கரைஞ்சப்போ 6.9 டிகிரி ஏறுச்சு. ஒரே உப்பு, ஒரே கரைசல், ஒண்ணு குளிருது ஒண்ணு சுடுது. அந்த ரெண்டு கிராஃபையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு பாத்தப்போ பொண்ணு முகத்துல வந்த வெளிச்சத்துக்காகவே இத செய்யலாம். 7 சதவீத காப்பர் சல்பேட் கரைசலுக்கு கிராமுக்கு 3.85 ஜூல் போட்டேன், 112.5 கிராமுக்கு 433, கப்போட 26 சேர்த்தா 459, யூரியாவுக்கு வந்த அதே நம்பர் தற்செயலா வந்திருக்கு. நீலத்துக்கு 574 ஜூல், ஒரு மோலுக்கு பிளஸ் 11.5 கிலோஜூல். வெள்ளைக்கு 3167 ஜூல், ஒரு மோலுக்கு மைனஸ் 63.3. வெப்பம் வெளிய வந்தா மைனஸ், உள்ள போனா பிளஸ், வேதியியல்ல அப்படித்தான் எழுதணும். மைனஸ் 63.3ல இருந்து பிளஸ் 11.5 கழிச்சா மைனஸ் 74.8.

புத்தகத்துல நீலத்துக்கு 11.7, வெள்ளைக்கு மைனஸ் 66.5, வித்தியாசம் மைனஸ் 78.2. நமக்கு நாலு சதவீதம் கம்மி. எங்க கம்மியாச்சுன்னு தேடுனா நீலம் கிட்டத்தட்ட சரியா இருக்கு, குறை வெள்ளைலதான். அங்கதான் அந்த 0.07 கிராம் வருது. கெட்டியா பிடிச்சிருந்த அந்த கடைசி தண்ணி பொடில ஒரு பகுதிய ஒரு தண்ணி உள்ள உப்பாவே விட்டு வெச்சிருக்கு, அந்தப் பகுதி ஏற்கனவே தன் வெப்பத்துல ஒரு பங்க செலவழிச்சிடுச்சு, கரையும்போது முழுசும் வராது. எடைய போட்டு வெச்சதாலதான் இத சொல்ல முடியுது, இல்லன்னா "ஏதோ கசிஞ்சிருக்கும்"னு முடிச்சிருப்போம். வெப்பக் கணக்குல தராசுக்கு இருக்க மதிப்பு தெர்மாமீட்டருக்கு குறைஞ்சது இல்ல.

சுட்ட சுண்ணாம்பு

சித்தப்பாவுக்கு திண்டுக்கல் மாவட்டத்து மலைல தாண்டிக்குடி பக்கம் காபியும் மிளகும் இருக்கு. காபி இலைத் துருவுக்கு அரை சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்து செய்யுற பூஞ்சைக்கொல்லி), மிளகு வாடலுக்கு ஒரு சதவீதம் அடிப்பாங்க. ஒரு சதவீதம்னா 100 லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. சுண்ணாம்பு பழசா இருந்தா செம்பு முழுசா படியாம கரைசல்லயே நிக்கும், இலை கருகிடும். அதனால சுண்ணாம்பு எவ்வளவு உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுக்கறது அவருக்கு நேரடி தேவை, அதுக்கு வெப்பம் ஒரு நல்ல அளவுகோல்.

சுட்ட சுண்ணாம்பு தண்ணியோட சேர்ந்து நீறிப் போறப்போ ஒரு மோலுக்கு 65 கிலோஜூல் வாக்குல வெப்பம் வரும், கிராமுக்கு 1160 ஜூல். அதனாலதான் பானைல நீற வைக்குறப்ப தண்ணி கொதிக்குது. சுண்ணாம்பு தொழிற்சாலைலயும் இதையேதான் தர சோதனையா வெச்சிருக்காங்க, ஐரோப்பிய முறைல 600 கிராம் தண்ணில 150 கிராம் சுண்ணாம்பு போட்டு 60 டிகிரி தொட எத்தன நிமிஷம் ஆகுதுன்னு பாப்பாங்க. அந்த அளவு சூட்ட தெர்மோகோல் கப்புல, வீட்டுல பண்ண வேண்டாம். நான் 200 கிராம் தண்ணிக்கு 5 கிராம்தான் எடுத்தேன். கண்ணாடி, அதுவும் பக்கமும் மூடுன கண்ணாடி கட்டாயம் போடணும், சுட்ட சுண்ணாம்பு தூள் கண்ணுல விழுந்தா பார்வையே போயிடலாம், இதுல விளையாட்டே வேணாம். பொண்ண இதுக்கு மட்டும் தள்ளி உக்கார வெச்சு ரீடிங் மட்டும் எழுத வெச்சேன்.

கடைல புதுசா வாங்குன கிளிஞ்சல் சுண்ணாம்பு கட்டிய அப்பவே இடிச்சு சலிச்சு எடுத்தேன், இன்னொண்ணு சித்தப்பா வீட்டு ஷெட்ல வாய் திறந்து கிடந்த சாக்குல இருந்து. சுத்தமான சுண்ணாம்பா இருந்தா 5 கிராமுக்கு 5800 ஜூல் வரணும், தண்ணி, கப்பு, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து மொத்த ஹீட் கெப்பாசிட்டி 863, அப்ப 6.7 டிகிரி ஏறணும். புதுசு 6.0 டிகிரி ஏறுச்சு, 89 சதவீதம். சாக்கு 4.3 டிகிரி, 64 சதவீதம். வேகத்துலயும் வித்தியாசம் பளிச்சுனு தெரிஞ்சுது, புதுசு போட்ட ஒரு நிமிஷத்துல பெரும்பகுதி ஏறிடுச்சு, சாக்கு சுண்ணாம்பு நாலஞ்சு நிமிஷம் இழுத்துச்சு, கோட்ட பின்னாடி இழுக்குற வேலை இங்கதான் ரொம்ப உதவுச்சு.

ஆனா 64ங்கறத பாத்து மீதி 36 வீண்னு சொல்லிடக் கூடாது. காத்துல ஈரம் பட்டு ஏற்கனவே நீறிப் போன பகுதி வெப்பம் தராது, ஆனா போர்டோ கலவைல அது வேலை செய்யும், நீற்றுச் சுண்ணாம்பு தானே நமக்கு கடைசில வேணும். காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைட வாங்கி திரும்ப சுண்ணாம்புக்கல்லா மாறுன பகுதிதான் ஒண்ணுக்கும் உதவாது. இந்த ரெண்டையும் வெப்ப அளவு பிரிச்சு காட்டாது, ரெண்டுமே சும்மாதான் இருக்கும். அதுக்கு எலுமிச்சை சாறு விட்டு பாத்தோம், புதுசுல நுரை கிட்டத்தட்ட இல்ல, சாக்கு சுண்ணாம்புல நல்லாவே பொங்குச்சு. அப்ப அதுல கணிசமா கல்லா மாறியிருக்கு. சித்தப்பாகிட்ட சொன்னது இதுதான்: இந்த சாக்க தூக்கிப் போட வேண்டாம், ஆனா கிலோவுக்கு கிலோன்னு நம்பி போடாதீங்க, கூடுதலா போட்டு கத்திய முக்கிப் பாருங்க. புது சாக்கு வாங்குனா பாலித்தீன் பைல இறுக்கி கட்டி வைங்க, மழைக்காலத்துல அங்க ஈரம் எப்பவும் இருக்கும்.

கத்தி சோதனை தோட்டக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், தீட்டுன இரும்புக் கத்திய கலவைல கொஞ்ச நேரம் வெச்சு எடுத்தா செம்பு நிறம் ஏறக்கூடாது, ஏறுனா சுண்ணாம்பு பத்தல.

மிச்சமான மயில்துத்தக் கரைசல சாக்கடைல ஊத்தக் கூடாது, மீனுக்கும் தவளைக்கும் அது கொடிய விஷம். எங்க கப்புல மிச்சமா இருந்தது ரெண்டு தடவைக்கும் சேர்த்து 25 கிராம் படிகத்துக்கு சமம், அது ரெண்டரை லிட்டர் ஒரு சதவீத போர்டோ கலவைக்கு சரியா வரும். ஒரு பிளாஸ்டிக் வாளில மிச்ச சுண்ணாம்புப் பாலோட இன்னும் கொஞ்சம் புது சுண்ணாம்ப நீற வெச்சு சேர்த்து, நல்லா ஆற விட்டு, துணில வடிகட்டி, அதுல நீலக் கரைசல கலக்கிக்கிட்டே மெதுவா ஊத்துனோம். வானநீலத்துல கெட்டியா வந்துச்சு, கத்தில செம்பு ஏறல. மாடில இருக்க எலுமிச்சைக்கு சொறி நோய் பிடிச்ச கிளைங்கள வெட்டிட்டு அன்னைக்கு சாயங்காலமே அடிச்சிட்டோம், கலவைய அடுத்த நாளுக்கு வெக்கக் கூடாதுங்கறதால.